மோட்டார் புறப்படும் நொடி

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் போனால் விளக்கு அணைந்ததைப் பற்றி யாரும் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. "தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்கு?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. விளக்குக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, செல்போனில் டார்ச் இருக்கிறது. தண்ணீரோ பாறைக்குள் பல நூறு அடி ஆழத்தில் கிடக்கிறது. அதை மேலே தள்ளும் மோட்டார் மின்சாரம் இல்லாமல் அசையாது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்நாட்டுக்குள் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் போச்சம்பள்ளிக்குப் பக்கத்து வட்டமான ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரை ஊர்களுக்கே அரிதான அளவு அது. ஊத்தங்கரை பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. புயல் என்றால் கடலோரத்தார் கவலை என்று இருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அது புது அனுபவம்.

கடலோரத்தாருக்கு அந்தப் பாடம் ஆறு வருடம் முன்பே கிடைத்துவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அப்போது அந்த ஊர்களைக் காப்பாற்றியது ஜெனரேட்டர். டிராக்டரிலும் மினி லாரியிலும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள். அதற்குப் பிறகு சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று பல வீடுகளில் பேச்சு வந்தது.

வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு போர் மோட்டார் ஒரு எச்.பி., கடையில் இருக்கும் ஜெனரேட்டர் இரண்டு கேவிஏ, ஒன்றுக்கு இரண்டு இருக்கிறதே போதாதா என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றுவிடும். இல்லையென்றால் மோட்டார் உறுமிக்கொண்டே கிடக்கும், சுற்றாது. ஏன் அப்படி என்பதில் மின்னியலின் அருமையான பகுதி ஒன்று ஒளிந்திருக்கிறது.

*

முதலில் மோட்டார் ஏன் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அடித்தளம் நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைக் கடினப் பாறை. மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் தண்ணீர் மணலின் இடுக்குகளில் எங்கும் பரவி நிற்கும். இங்கே மேலே சில மீட்டர் தளர்ந்த பாறை, அதற்குக் கீழே விரிசல்களில் ஓடும் நீர், அவ்வளவுதான். தென்பெண்ணை நீர் வந்து சேரும் பாரூர் பெரிய ஏரியின் பாசனப் பரப்பில் இருப்பவர்களுக்குக் கிணறு ஊறும். அதைத் தாண்டி மேட்டு நிலத்துக்குப் போனால் போர் போட்டுத்தான் ஆக வேண்டும். விரிசலில் துளை விழுந்தால் நீர், விழாவிட்டால் புழுதி.

பழைய திறந்த கிணறுகளில் கவலையும் ஏற்றமும் இருந்த காலம் முடிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சின்கள் வந்தன. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அவற்றைப் பரப்பப் பெரிதும் உழைத்தார். எஞ்சினைக் கரையில் வைத்து நீரை உறிஞ்ச ஒரு எல்லை உண்டு. பம்ப் நீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கும் நீர்த்தூண் ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் கிடைக்காது. எவ்வளவு பெரிய எஞ்சினை வைத்தாலும் இந்த எல்லை மாறாது. நீர்மட்டம் இறங்க இறங்க எஞ்சினையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்கள். அந்தப் புகையில் கிணற்றுக்குள்ளேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அந்தப் புகையைப் பற்றிப் பிறகு பேசத்தான் போகிறோம்.

நீரை இழுக்க முடியாது, தள்ளத்தான் முடியும் என்றால் பம்பையே நீருக்குள் இறக்க வேண்டும். மோட்டாரோடு சேர்த்து நீரில் மூழ்கவிடும் பம்பை ஆர்மைஸ் அருட்டுனாஃப் என்பவர் 1920-களில் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்காக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நம் பக்கம் மோட்டார்த் தொழில் கோயம்புத்தூரில் வேரூன்றியது. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த ஊர் அது, 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே இந்தியாவிலேயே செய்த மோட்டாரை உருவாக்கினார்கள். இன்று நம் வீட்டுப் போருக்குள் தொங்கும் நான்கங்குல சப்மெர்சிபிள் அந்த இரண்டு வரலாறுகளும் ஒன்றாகச் சேர்ந்த கருவி.

*

இனி அந்த முதல் நொடிக்கு வருவோம்.

ஒரு எச்.பி. என்பது 746 வாட். அது மோட்டார் தன் தண்டில் கொடுக்கும் ஆற்றல். மோட்டாருக்குள் போகும் மின்சாரம் இதைவிட அதிகம். குறுகிய துளைக்குள் இறங்குவதற்காக மெலிந்து நீண்ட இந்த மோட்டார்களின் செயல்திறன் அறுபது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆக ஓடும்போது ஏறத்தாழ 1,250 வாட், ஏழெட்டு ஆம்பியர். இந்தக் கணக்குப்படி இரண்டு கேவிஏ ஜெனரேட்டர் தாங்கத்தான் வேண்டும்.

ஸ்டார்ட்டர் பெட்டியின் ஆம்பியர் மீட்டரை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். பச்சைப் பொத்தானை அமுக்கிய கணத்தில் முள் துள்ளி வலது கோடிக்குப் போய், ஒரு தயக்கம் காட்டி, பிறகு எட்டுக்கு இறங்கி நிற்கும். அந்தத் துள்ளலின்போது மோட்டார் எடுப்பது ஓடும் மின்னோட்டத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு. முப்பது, நாற்பது ஆம்பியர். நேரம் ஒரு நொடிக்கும் குறைவு.

நின்ற தேரை நகர்த்துவதுபோல என்று இதைச் சொல்வார்கள். முதல் இழுப்புக்கு ஊரே வடம் பிடிக்க வேண்டும், உருளத் தொடங்கிய பிறகு பாதிப்பேர் போதும். கேட்க நன்றாக இருந்தாலும் இதில் பாதிதான் உண்மை. தேரை உருட்டுவதில் தடை எடையிலும் உராய்விலும் இருக்கிறது. மோட்டார் அதிக மின்சாரம் எடுக்கக் காரணம் வேறு.

மோட்டாரின் காயில் வெறும் செம்புக் கம்பி. அதன் மின்தடை சில ஓம் மட்டுமே. 230 வோல்ட்டை மூன்று ஓமுக்குக் கொடுத்தால் கணக்குப்படி 77 ஆம்பியர் பாய வேண்டும். ஓடும் மோட்டாரில் எட்டே ஆம்பியர் பாய்வதற்குக் காரணம், சுழலும் காந்தப்புலம் அதே காயிலில் எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. உள்ளே வரும் 230-ஐ அது கிட்டத்தட்ட முழுவதுமாக எதிர்த்து நிற்கிறது. மிஞ்சும் கொஞ்சம்தான் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. நடுவில் உள்ள ரோட்டார் காந்தப்புலத்தோடு ஏறக்குறைய அதே வேகத்தில் கூடவே சுற்றும்வரை இந்தச் சமநிலை நீடிக்கும். ரோட்டார் நின்றிருந்தாலோ, அது குறுக்குச்சுற்று செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கம்போல ஆகிவிடுகிறது. எதிர்ப்பு சரிகிறது. கம்பிகளின் தடையும் கசிவுக் காந்தமும் மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. எடையே இல்லாத ரோட்டாராக இருந்தாலும் முதல் கணத்தின் மின்னோட்டம் இதே அளவுதான். நீடிக்கும் நேரம்தான் குறையும்.

மின்வாரியத்தின் லைனில் இது பெரிய விஷயமில்லை. பின்னால் மேட்டூரும் நெய்வேலியும் இன்னும் நூற்றுக்கணக்கான நிலையங்களும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நாற்பது ஆம்பியர் அங்கே தூசு. தூக்கிச் செல்லும் ஜெனரேட்டரில் பின்னால் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர். அதன் ஆல்டர்னேட்டரிலும் செம்புக் காயில்தான், அதற்கும் உள்தடை உண்டு. 9 ஆம்பியருக்கென்று செய்ததிடம் 35 கேட்டால் வோல்டேஜ் விழும். 230 இருந்த இடத்தில் 140 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 61 சதவீதமாக விழுந்தால் முறுக்குவிசை 37 சதவீதமாகிறது. பாதிக்கும் குறைந்த விசையில் மோட்டார் சுற்றத் தயங்கும். சுற்றாததால் எதிர்வோல்டேஜ் எழாது, எழாததால் மின்னோட்டம் குறையாது, குறையாததால் வோல்டேஜ் மீளாது. ஒரு நொடியில் முடிய வேண்டிய துள்ளல் நின்றபடியே நீடிக்கிறது. 20 ஆம்பியரே பாய்ந்தாலும் மூன்று ஓம் காயிலில் 1,200 வாட் வெப்பம். சாதாரணமாக ஓடும்போது காயிலில் எழும் வெப்பத்தைப் போல ஆறு மடங்கு. கையகலக் குழாய்க்குள் அடைத்த மோட்டாரில் வார்னிஷ் கருகச் சில பத்து நொடிகள் போதும். பிறகு ஆள் வைத்துக் குழாயெல்லாம் கழற்றி மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டக் கொடுத்து, மறுபடி இறக்க வேண்டும். அந்தச் செலவில் ஜெனரேட்டர் விலையில் ஒரு பங்கு போய்விடும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் இந்த நொடியில்தான் வேலை. ஒரு ஃபேஸ் மின்சாரத்தால் காந்தப்புலத்தைச் சுழற்ற முடியாது. முன்னும் பின்னும் ஆட்டத்தான் முடியும். இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் முன்தள்ளிவிட்டுச் சுழற்சியை உண்டாக்குவது கெப்பாசிட்டர். பெரிய ஸ்டார்ட் கெப்பாசிட்டர் புறப்பட மட்டும். சிறிய ரன் கெப்பாசிட்டர் ஓடும்வரைக்கும். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த பெட்டியில் கெப்பாசிட்டர் வலு குறைந்திருக்கும். மின்வாரிய லைனில் அது தெரியாது. எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடும். ஜெனரேட்டரில் போட்டதும் குட்டு வெளிப்படும். ஜெனரேட்டரைக் குறை சொல்வதற்கு முன் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்ப்பது நல்லது. சில நூறு ரூபாயில் தீரும் சிக்கலாகக்கூட அது இருக்கலாம்.

அப்படியானால் எவ்வளவு பெரிய ஜெனரேட்டர்? ஒரு எச்.பி. ஒற்றை ஃபேஸ் சப்மெர்சிபிளுக்கு 4 முதல் 5 கேவிஏ. ஒன்றரை எச்.பி.க்கு 6. தோட்டத்து மூன்று ஃபேஸ் ஐந்து எச்.பி. மோட்டாருக்கு 15-இலிருந்து 19 கேவிஏ. ஓடும் சுமைக்கு மூன்று மடங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. ஓசூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் எஞ்சினின் வலு அங்கே பத்தில் ஒரு பங்கு குறையும். போச்சம்பள்ளி அதைவிடத் தாழ்வானது, இழப்பும் குறைவு.

இந்த நொடியைத் தவிர்க்கவே வழி இல்லையா என்று கேட்கலாம். வழி போச்சம்பள்ளியிலேயே இருக்கிறது. இந்த வட்டத்தில் அமைந்த ஓலா ஆலையிலிருந்து 2021 முதல் வெளிவரும் மின்சார ஸ்கூட்டர்களும் நின்ற நிலையிலிருந்துதான் புறப்படுகின்றன. ஆனால் அவற்றின் மோட்டார் பேட்டரியை அப்படி உலுக்குவதில்லை. இடையில் உள்ள மின்னணுப் பெட்டி, அலைவெண்ணைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல உயர்த்திக்கொண்டே போகிறது. காந்தப்புலமும் ரோட்டாரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நடக்கின்றன. சூரியசக்தி பம்புகளின் கன்ட்ரோலரும் இதைத்தான் செய்கிறது. மூன்று ஃபேஸ் பம்பு வைத்திருப்பவர் இந்த வகை டிரைவ் ஒன்றைப் பொருத்தினால் பாதி அளவு ஜெனரேட்டரே போதும். ஒற்றை ஃபேஸ் போர் மோட்டாருக்கு அதை அப்படியே மாட்டிவிட முடியாது, கெப்பாசிட்டர் ஒத்துழைக்காது.

*

"மோட்டாரு ஓடுதுங்க, ஆம்பியரும் காட்டுது. தண்ணிதான் வரலை."

"போர் வத்திப்போச்சா அண்ணா?"

"நேத்து கரண்ட்ல வந்துச்சேப்பா."

ஜெனரேட்டர் போட்ட வீடுகளில் ஒயர்மேனிடம் இப்படிப் புகார் வரும். போரில் தண்ணீர் இருக்கும், மோட்டாரிலும் பழுது இருக்காது. காரணம் அலைவெண்.

ஜெனரேட்டரின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சுமை ஏறியதும் எஞ்சின் தளர்ந்து 2,700-க்கு வந்தால் 45 ஹெர்ட்ஸ். பம்பும் அதே விகிதத்தில் பத்து சதவீதம் மெதுவாகச் சுற்றும். பத்து சதவீதம் குறைவாகத் தண்ணீர் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மையவிலக்குப் பம்ப் கொடுக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதிகபட்சம் 120 மீட்டர் தள்ளக்கூடிய பம்ப், 45 ஹெர்ட்ஸில் 97 மீட்டர்தான் தள்ளும். நீர்மட்டத்திலிருந்து தொட்டிவாய்வரை 100 மீட்டர் என்றால், தண்ணீர் மூன்று மீட்டர் கீழேயே நின்றுவிடும். குழாயில் ஒரு சொட்டு வராது. கீழே இம்பெல்லர் அதே தண்ணீரை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதன் உடலை உரசிப் போகும் நீரோட்டம்தான். ஓட்டம் இல்லாமல் கால் மணி நேரம் ஓடினால் நீருக்குள்ளேயே மோட்டார் வெந்துவிடும். ஜெனரேட்டர் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு திருடன் கேபிள். 100 மீட்டர் ஆழத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இறக்கியிருந்தால் போக வர 200 மீட்டர். தடை ஏறத்தாழ 2.4 ஓம். எட்டு ஆம்பியரில் 19 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். புறப்படும் நொடியின் 35 ஆம்பியரில் 80 வோல்ட்டுக்கு மேல் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளாக இருந்தால் இழப்பு மூன்றில் இரண்டு பங்கிலும் குறைவு. போர் போடும்போது கேபிளில் மிச்சம் பிடித்தவர்களுக்கு அந்த மிச்சத்தின் விலை ஜெனரேட்டர் வாங்கும் அன்று தெரியும்.

சுவிட்ச் போடும் வரிசையிலும் காரணம் இருக்கிறது. முதலில் ஜெனரேட்டரைத் தனியாக ஓடவிட்டுச் சீரானதும் மோட்டார். ஃபேனும் ஃபிரிட்ஜும் அதற்குப் பிறகு. நிறுத்தும்போது மோட்டாரை முதலில் நிறுத்த வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டரை அணைத்தாலோ, பெட்ரோல் தீர்ந்து அது தானாக அடங்கினாலோ, மோட்டார் சில நொடிகள் மிகக் குறைந்த வேகத்தில் இழுபடும். மோட்டாரின் அடியில் ஒரு த்ரஸ்ட் பேரிங் இருக்கிறது. மேலே நிற்கும் நீர்த்தூணின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அதுதான். ஆஸ்திரேலியாவில் மிச்சலும் அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் தனித்தனியே கண்டுபிடித்த வகை அது: சற்றே சாயும் தகடுகளுக்கும் சுழலும் தட்டுக்கும் இடையில், வேகத்தின் காரணமாகவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் உருவாகி இரண்டையும் பிரித்து வைக்கிறது. வேகம் குறைந்தால் படலம் உடைந்து தகடும் தட்டும் உரசும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தப் பேரிங்கை ஓட்டக் கூடாது. பெட்ரோல் தீரும்வரை ஓடட்டும் என்று விடுபவர்கள் ஒவ்வொரு முறையும் இந்தப் பேரிங்கைத்தான் தேய்க்கிறார்கள்.

*

செலவைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த இயற்கை கேட்கும் ஆற்றல் 0.27 யூனிட்தான். பம்பிலும் மோட்டாரிலும் கேபிளிலும் இழந்தது போக, நாம் கொடுக்க வேண்டியது ஒரு யூனிட் வரும். நேரம் முக்கால் மணிக்குச் சற்று மேல். இங்கே 100 மீட்டர் என்பது போரின் ஆழமும் அல்ல, மோட்டார் தொங்கும் ஆழமும் அல்ல. ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொட்டிவரை உள்ள உயரம். எண்ணூறு அடி போரிலும் நீர்மட்டம் இருநூறடியில் நின்றால் செலவு இருநூறடிக்குத்தான்.

அந்த ஒரு யூனிட்டுக்கு ஜெனரேட்டர் அரை முதல் முக்கால் லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் லிட்டருக்கு ஒன்பது யூனிட் வெப்பம் கொண்டது. அதில் தண்ணீரை உயர்த்தப் பயன்படுவது நூற்றுக்கு ஐந்து. மீதி சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் போகிறது. இவ்வளவு வீணாவதற்கும் அந்த முதல் நொடிக்குப் பங்கு உண்டு: புறப்படுவதற்காகப் பெரிதாக வாங்கிய எஞ்சின், மீதி நேரம் முழுவதும் மூன்றில் ஒரு பங்கு சுமையில் ஓடுகிறது, குறைந்த சுமையில் எஞ்சினுக்குச் சிக்கனம் தெரியாது.

ஆனாலும் நான் இதை விலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. நால்வர் குடும்பத்துக்கு 220 லிட்டர். ஆயிரம் லிட்டர் நான்கு நாளைக்கு மேல் வரும். முக்கால் லிட்டர் பெட்ரோலில் நான்கு நாள் தண்ணீர் என்றால் புயல் காலத்தில் அது மலிவு. ஒரு வீட்டுக்கு நான்கு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தேவை என்பதால், ஒரு தெருவே சேர்ந்து ஒரு 5 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கி வீடு வீடாக மாற்றிக்கொள்ளலாம். கஜாவின்போது டெல்டா கிராமங்கள் கண்டுகொண்ட வழியும் இதுதான். இதைவிட மலிவான வழியும் உண்டு: இரண்டாவதாக ஒரு ஆயிரம் லிட்டர் தொட்டி. புயல் எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே அதை நிரப்பிவிட்டால் முதல் நான்கு நாளைக்கு ஜெனரேட்டரே தேவைப்படாது.

*

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கிணற்றுக்குள் ஆயில் எஞ்சினோடு இறங்கியவர்களை வீழ்த்தியது இதுதான். அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா, 2020-இல் லாரா சூறாவளிகளில் தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு ஜெனரேட்டர் புகையால் இறந்தார்கள். மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று வராண்டாவிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஜன்னலோரத்திலும் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, திறந்த வெளியில், மேலே மட்டும் ஒரு தகரம் போட்டு வைக்க வேண்டும். தலைவலியும் மயக்கமும் வந்தால் முதலில் வெளியே வந்துவிட வேண்டும், பிறகு மற்றவை.

இரண்டாவது ஆபத்து அடுத்தவர் உயிருக்கு. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரைச் செய்து, ஜெனரேட்டரில் ஒன்றையும் வீட்டுச் சுவர் பாயிண்டில் ஒன்றையும் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி. தலைகீழாக ஊட்டினால் அதே கருவி ஏற்றும். தெருவில் எல்லா வீடுகளும் இணைந்திருந்தால் சுமை தாங்காமல் ஜெனரேட்டர் அணைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் புயலில் கம்பி அறுந்து தெரு துண்டிக்கப்பட்டிருக்கும். வீடுகள் மெயினை அணைத்திருக்கும். அப்போது தடுக்க எதுவும் இருக்காது. மேலே கம்பத்தில், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி வெறுங்கையோடு வேலை செய்கிறவர் பக்கத்து மாவட்டத்திலிருந்து உதவிக்கு வந்த லைன்மேனாக இருக்கலாம்.

இதைத் தடுக்க ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போதும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் வகையாக இருக்க வேண்டும். அதன் கைப்பிடி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நிற்கும்: மின்வாரியம் அல்லது ஜெனரேட்டர். மறதிக்கு இடமே இல்லை. ஜெனரேட்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன், உரிமம் பெற்ற ஒயர்மேனை வரவழைத்து இதைப் பொருத்திவிடுங்கள். பம்புக்கு மட்டும் ஜெனரேட்டர் என்றாலும் பொருத்துங்கள்; வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிளக் ஒயர் இருந்தால் இன்றே வெட்டிப் போட்டுவிடுங்கள்.